கரியப்பன் வண்டியின் நீளம்

மூக்கண்டப்பள்ளி கரியப்பனின் மோட்டார் சைக்கிள், வாங்கிப் பதினைந்து வருடம் முடிந்தபோது, வாங்கிய நாளில் இருந்ததைவிட இரண்டு முழம் நீண்டிருந்தது. அதே மாதம் ராயக்கோட்டை மண்டியில் தக்காளி பெட்டி இருநூறு ரூபாய்க்கு இறங்கியது. தெருவில் இரண்டையும் ஒரே மூச்சில் பேசினார்கள். வண்டி ஒரே நாளில் நீண்டுவிடவில்லை. கரியப்பன் சிப்காட்டில் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட் தொழிலாளி. கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு ரோட்டோரம் நிற்பவர்களை, ஒரு நேரத்துக்கு ஒருவராக, பின்னால் ஏற்றிக்கொண்டுபோய் கம்பெனி கேட்டில் விடுவது அவன் வழக்கம். ஒவ்வொருவர் இறங்கியதும் சீட் ஒரு நூல் அளவு நீண்டிருக்கும். சீட்டோடு அடியிலிருந்த இரும்பும் நீண்டது. பின் சக்கரம் அதற்கேற்பத் தள்ளிப்போனது, செயினும் முணுமுணுக்காமல் கூடவே போனது.

இதை யாரும் நல்லவிதமாக எடுத்துக்கொள்ளவில்லை. கடவுள் கண்ணுக்குத் தெரியும்படி ஒன்றைச் செய்தால் நாம் முதலில் போலீசிடம்தான் சொல்கிறோம். எதிர்வீட்டு விஜயகுமார், இது திருட்டு வண்டிகளைச் சேர்த்து ஒட்டியது என்றார். எல்லைச் சாவடியில் நின்ற போலீஸ்காரர்கள், கர்நாடகத்து மது பாக்கெட்டுகளை உள்ளே ஒளித்துக் கடத்துகிறான் என்று சந்தேகப்பட்டு சீட்டை அறுத்துப் பார்த்தார்கள். பஞ்சுதான் இருந்தது. பாக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிட்டான் என்று முடிவு செய்து அடுத்த வாரமும் அறுத்தார்கள். மற்றவர்கள் இதெல்லாம் வெல்டிங் பட்டறை திம்மராயனின் கைவேலை என்று நம்பினார்கள். திம்மராயன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சிரிப்பான். அந்தச் சிரிப்பை நம்பி பாகலூரிலிருந்தெல்லாம் வண்டிகள் வந்தன. அவற்றைப் பைப் வைத்து நீட்டிக் கொடுத்தான். அவை நீட்டிய அளவிலேயே நின்றன.

நீளத்தால் பயன் கண்டவள் கரியப்பனின் மனைவி சுகுணா. அவளுக்கு சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். முடிந்து வெளியே வந்தால் உட்காரவும் தெம்பிருக்காது, பஸ் குலுக்கலுக்கு வாந்தி வரும். அவள் கணவனின் முதுகோடு தன் முதுகை ஒட்டிச் சாய்ந்து, நீண்ட சீட்டின் மேல் இரண்டு காலையும் நீட்டிக்கொள்வாள். கட்டிலில் சாய்ந்தவள் போல, வந்த வழியைப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்வாள். வழியில் பார்த்தவர்கள் இதையும் சந்தேகப்பட்டார்கள்.

பதினைந்து வருடமான வண்டி மறுபடி எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுத்தாக வேண்டும். ஆர்.டி.ஓ. மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் பாஸ்கரன், வீட்டில் பால்காரர் ஊற்றும் பாலைக்கூட மானி வைத்துப் பார்த்த பிறகே காய்ச்ச விடுகிறவர், டேப்பை இழுத்து அளந்தார்.

"எவன்யா வெல்டு வெச்சது?"

"யாரும் வெக்கல சார். அதுவா நீண்டுச்சு."

"அதுவா நீள இதென்ன சுரைக்கொடியா? திங்கக்கிழமை பழைய அளவுல கொண்டா. இல்லேன்னா ஆர்.சி. கேன்சல், வண்டி இரும்புக் கடைக்கு."

திம்மராயன் பட்டறைக்குக் கொண்டுபோய் கூடுதல் நீளத்தை அறுத்தார்கள். மாலைக்குள் அறுத்த இடம் வளர்ந்து மூடிக்கொண்டது. மறுநாள் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று, பஸ் ஸ்டாப்பில் கைகாட்டிய ஒரு கர்ப்பிணிப் பெண்ணைப் பார்த்தும் பார்க்காததுபோல் கரியப்பன் போய்விட்டான். கேட்டில் இறங்கியபோது சீட் ஒரு சாண் குறைந்திருந்தது. அவனுக்கு வழி புரிந்துவிட்டது. அன்றிலிருந்து யாருக்கும் நிற்கவில்லை. கைகாட்டியவர்களைக் கடந்தான், பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களையும் கடந்தான். பர்மனன்ட் ஆகிவிட்டான் போல, திமிர் ஏறிவிட்டது என்றார்கள். இத்தனை நாள் ஏற்றியதற்கே உள்நோக்கம் இருந்திருக்கும் என்றார் விஜயகுமார்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது சுகுணா காலை நீட்டினாள். முழங்காலுக்குக் கீழே சீட் இல்லை, இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கின.

"என்னங்க, யார விட்டுட்டு வந்தீங்க?"

"எஃப்.சி. முடியட்டும் சுகுணா. வண்டியே இல்லேன்னா உன்ன எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

"அதுவும் சரிதான்," என்றாள் அவள். வீடு வரும்வரை காலை மடக்கி வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை வண்டி வாங்கிய நாளின் அளவுக்கே வந்திருந்தது. கரியப்பன் மைதானத்துக்குக் கிளம்பினான். மேம்பாலத்தடியில் கம்பெனி கேன்டீன் ரங்கம்மா நின்றிருந்தாள். பஸ் போய்விட்டிருந்தது. தாமதமானால் அவளுக்கு அரைநாள் கூலி போய்விடும். அவனைக் கண்டதும் அவள் கையைத் தூக்கவில்லை. அவன் சங்கடப்படக்கூடாதென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, போஸ்டர் படிப்பவள்போல நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கரியப்பன் கொஞ்ச தூரம் போனான். பிறகு வண்டியைத் திருப்பினான்.

"ஏறும்மா."

"பேடப்பா, வேண்டாம். இன்னிக்கி உனக்கு இன்ஸ்பெக்சனாமே, திம்மராயன் சொன்னான். நான் நடந்து போய்க்கறேன்."

"ஏறு ரங்கம்மா, நேரமாவுது."

அவளைக் கேட்டில் இறக்கியபோது இரண்டு முழமும் திரும்பி வந்திருந்தது, மேற்கொண்டு ஒரு விரற்கடையும்.

பாஸ்கரன் அளந்தார். முகம் சிவந்தது. "போன தடவையவிட ஜாஸ்தி. என்னைய வெச்சு விளையாடுறியா?" என்று கேட்டு, திம்மராயனை வரவழைத்தார். திம்மராயன் மைதானத்தில் அத்தனை பேர் முன்னால் தலையைச் சொறிந்தான். "நான் நீட்டல சார். ஜனங்க நான்தான்னு சொன்னாங்க, கேக்க நல்லாருந்துச்சு. சும்மா இருந்துட்டேன்." அவனிடம் காசு கொடுத்து வண்டியை நீட்டியிருந்த இரண்டு பேர் அங்கேயே சண்டைக்கு வந்தார்கள். பாஸ்கரன் பெயின்ட்டைச் சுரண்டினார், சுத்தியலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். எங்கும் ஒட்டு இல்லை. பிரேக்கைச் சோதிக்கவும் நீளத்தைக் கண்காணிக்கவும், டேப்பின் கொக்கியைச் சீட்டின் பின் முனையில் மாட்டி, மறு முனையைக் கரியப்பனின் முதுகை ஒட்டிச் சீட்டின் மேல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி தாமே பின்னால் ஏறினார்.

மைதானக் கோடி வரை ஓட்டி, கரியப்பன் பிரேக் பிடித்தான். வண்டி அசையாமல் நின்றது. ஆனால் அவன் உடனே திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் ஓட்டிப்போய் டீக்கடை வாசலில் நிறுத்தினான்.

"இங்க எதுக்குய்யா?"

"காலையிலேருந்து வெயில்ல நிக்கறீங்க சார். ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

இது லஞ்சமா என்று பாஸ்கரன் அவன் கண்ணையே உற்றுப் பார்த்தார். பிறகு டேப்பில் வைத்த விரலை எடுக்காமல் இறங்கினார். இறங்கியதும் டேப் அவர் கட்டைவிரலின் கீழே ஒரு நூல் அளவு வழுக்கி நகர்ந்தது. அவர் டேப்பைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், சர்க்கரை கம்மியாக ஒரு டீ சொன்னார். தம்முடைய டீக்குத் தாமே காசு கொடுத்தார்.

பிரேக் சரி, ஹாரன் சரி, விளக்கு சரி என்று எழுதினார். நீளம் என்ற இடத்தில் பேனா வெகுநேரம் நின்றது. பிறகு, 'அன்றைய நிலவரப்படி' என்று எழுதிக் கையெழுத்திட்டார். மேலதிகாரிகள் யாரும் அதைப்பற்றிக் கேட்கவில்லை.

புதன்கிழமை சுகுணா காலை நீட்டிக்கொண்டு வீடு திரும்பினாள். எல்லைச் சாவடியில் இப்போது சீட்டை அறுப்பதில்லை, வண்டி முழுதாகக் கடக்கும்வரை தடுப்புக் கயிற்றைக் கொஞ்சம் கூடுதல் நேரம் தூக்கிப் பிடிக்கிறார்கள். கம்பெனியில் கார் நிறுத்தும் இடத்தில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தக்காளி பெட்டி அறுநூறுக்கு ஏறிவிட்டது. மண்டியிலிருந்து வருகிறவர்கள் விலையைச் சொல்லி முடித்ததும், கரியப்பன் வண்டி இன்றைக்கு எவ்வளவு என்று தெருவில் கேட்டுக்கொள்கிறார்கள். சில நாள் விஜயகுமாரே டேப்போடு வந்து அளந்து சொல்கிறார்.