கூடத்தில் மாட்டிய இதயம்

அவளுடைய இதயப் படத்தைப் புருஷன் சட்டம் போட்டுக் கூடத்தில், கல்யாணப் போட்டோவுக்கு மேலேயே மாட்டியிருந்தான். ஆஞ்சியோ படம், அடைப்பு இல்லை என்று பெரிய டாக்டர் கையெழுத்திட்டது. மாடிப்படியில் அவள் நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தால் அவன் பதறுவதில்லை. ஆள்காட்டி விரலைப் படத்தை நோக்கி நீட்டுவான். பேசும் பொறுப்பு நாத்தனாருடையது.

"ரத்தம் போற வழி பளிச்சுன்னு இருக்கு அண்ணி. துணி காயப்போடச் சொன்னா மட்டும் எப்படி வலி வருது?"

'இல்லை, வலிக்கல' என்று சொல்ல அவளும் பழகிக்கொண்டாள். சண்டை சீக்கிரம் முடிந்தது.

அவளாகத் தேடிப் போன டாக்டரம்மா வேறு சொன்னாள். "இந்தப் படத்துல பெரிய குழாய்தான் தெரியும். முடி மாதிரி கிளைங்க தெரியாது. அதைச் சுருங்க வைக்கற மருந்து விட்டுப் பாக்கணும். நோய் அங்கதான்னு எழுத மூணு வேணும். ஈசிஜி மாறணும், பெரிய குழாய் சுருங்கக் கூடாது, உங்களுக்கு அதே வலி வரணும். அதை நீங்கதான் சொல்லணும்."

"இதுலயும் ஒண்ணுமில்லேன்னா இனி ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கக் கூடாது," என்றான் புருஷன்.

சோதனை அன்று மணிக்கட்டு வழியாகக் கம்பி போனது. மருந்து இறங்கியதும், நெஞ்சின்மேல் யாரோ குடும்பத்தோடு ஏறி உட்கார்ந்தார்கள். அதே படிக்கட்டு வலி.

"வலிக்குதாம்மா?"

கண்ணாடிக்கு அப்பால் புருஷனும் நாத்தனாரும் நின்றார்கள்.

"இல்ல டாக்டர்."

டாக்டரம்மா திரையைப் பார்த்தாள். "பெரிய குழாய் அசையல. ஈசிஜி கோடு சரிஞ்சு கிடக்கு. உங்க மூஞ்சி சுண்ணாம்பா இருக்கு. நீங்க வலி இல்லேன்னு சொன்னா நான் முழுசா எழுத முடியாது."

ஒலிபெருக்கியில் நாத்தனார் வந்தாள். "அதான் இல்லேன்னுட்டாங்களே. இறக்கி விடுங்க, வீட்ல வேலை கிடக்கு."

"வலிக்குது," என்றாள் அவள். சொன்னது வாய்க்கு ருசியாக இருந்தது. "வலிக்குது டாக்டர். அங்க நிக்கறவங்களுக்குக் கேக்கற மாதிரி எழுதுங்க."

நுண்குழாய்ச் சுருக்கம் என்று எழுதி, மாத்திரையும் கொடுத்து அனுப்பினாள் டாக்டரம்மா.

வீட்டில் புருஷன் படத்தின் முன் நின்றான். "அப்ப இது தப்பா?"

"சரிதான். பெரிய குழாய்க்கு ஒரு குறையும் இல்ல. இந்த வீட்ல பெரியவங்களுக்கு என்னிக்குக் குறை இருந்துது?"

"கழட்டிடவா?"

"இருக்கட்டும். உங்க தங்கச்சி உக்காந்து பாக்கட்டும்."

ஈரத்துணி வாளி சுவரோரம் இருந்தது. அவள் அதை அவன் பக்கம் தள்ளினாள். ஆள்காட்டி விரலை மாடிப்படியை நோக்கி நீட்டினாள்.