பாதிப் படத்துக்கு மூன்று முடிவுகள்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. பாஸ்போர்ட் படம் எடுக்கப் போன ஸ்டுடியோவில், ஒரு பெண் கணினித் திரையைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். என் படத்தை மறந்து, கதையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எழுதுகிறவன் புத்தி அப்படித்தான்.

முதலில் எழுதிய தொடக்கம்: "அந்தக் கணினி தன் முதுமையை உணரத் தொடங்கிய நாளில்" —

(வேண்டாம். இயந்திரத்துக்கு முதுமை வந்தால் எனக்கென்ன?)

அவளைத் தெருவே ஸ்டுடியோ அக்கா என்றுதான் கூப்பிடும். படம் எடுப்பது அவள். கணினியைப் பார்த்துக்கொள்வது அவள் வீட்டுக்காரர்.

2

பழைய கணினி. ஒரு படத்தைத் திறப்பதற்குள் வாடிக்கையாளருக்குக் கொட்டாவி வந்துவிடும். வீட்டுக்காரர் கூடுதலாக ஒரு ரேம், அதாவது மெமரி அட்டை, வாங்கி வந்து செருகினார். கணினி கிளம்பாமல் பீப் பீப் என்று கத்தியது. பிடுங்கி, அதன் தங்கநிற விளிம்பை அழிரப்பரால் தேய்த்து, பக்கத்துக் குழியில் அழுத்திச் செருகினார். கிளம்பிவிட்டது. மெமரி இரண்டு மடங்கு என்று திரை காட்டியது. அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

(மீசை நான் வைத்தது. அவருக்கு மீசையே கிடையாது.)

வேகம் வந்தது, கூடவே ஒரு கிறுக்கும் வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென நீலத் திரை காட்டி நின்றுவிடும். அவர் மின்சாரத்தைத் திட்டினார், தூசி தட்டினார், வைரஸ் தேடினார், கடைசியில் சிஸ்டத்தையே புதிதாக ஏற்றினார். புது ரேமை மட்டும் தொடவில்லை. அவள் ஒருமுறை அதைப் பற்றிக் கேட்டிருக்கிறாள்.

"அது புதுசு. அதுல என்ன கோளாறு வந்துடப் போகுது?" என்றாராம்.

வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளையை யார் சந்தேகப்படுவார்கள்?

3

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் கதை நிற்காது. எடுத்த படங்களைக் கேமரா கார்டிலிருந்து கணினிக்கு நகலெடுப்பாள். அங்கே எத்தனை, இங்கே எத்தனை என்று பார்ப்பாள். ஒத்துப்போனால் கார்டை அழித்து அடுத்த வேலைக்கு எடுத்துப்போவாள். திறந்து பார்ப்பதில்லை. இத்தனை வருஷமும் அது போதுமாக இருந்தது.

நகலெடுக்கும்போது ஒவ்வொரு படமும் மெமரி வழியாகத்தான் போகும். கெட்டுப்போன மெமரி படங்களின் எண்ணிக்கையில் கை வைக்காது. படத்துக்குள் புகுந்து கெடுக்கும்.*

* இது பிறகு தெரிந்தது. ஒவ்வொரு ரேமாகத் தனியே போட்டுச் சோதனை ஓட்டினார்கள். பழையதில் ஒரு குறையும் இல்லை. புதியதைப் போட்டதும் திரை முழுக்கச் சிவப்புப் பிழைகள்.

4

இனி நெஞ்சில் கை வைத்த இடம். படுத்த படுக்கையாக இருந்த அப்பாவை ஒரு மகள் கொஞ்ச நாளுக்கு முன் அங்கே அழைத்து வந்திருந்தாள். அவர் நாற்காலியில், பின்னால் அவளும் இரண்டு தம்பிகளும். அவரால் அதிகநேரம் உட்கார முடியாது என்பதால் ஒரே ஒரு படம். பிரதியை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று போய்விட்டார்கள். பிறகு அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பெரிதாக ஒரு பிரதி வேண்டும், வந்துகொண்டே இருக்கிறேன் என்று மகள் போன் செய்தபோது நான் அங்கே தலை சீவிக்கொண்டிருந்தேன்.

அக்கா படத்தைத் திறந்தாள். மேலே மூன்று தலைகள், சட்டைப் பொத்தான் தெரியும் அளவுக்குத் துல்லியம். அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். நாற்காலியும் இல்லை, அதில் இருந்தவரும் இல்லை. மூடித் திறந்தாள். மறுபடி மூடித் திறந்தாள். வீட்டுக்காரர் வந்து பார்த்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எண்ணிப் பார்த்தேனேங்க," என்றாள் அவள். "சரியாத்தானே இருந்துச்சு."

5

முடிவு ஒன்று: அழித்த படத்தைக் கார்டிலிருந்து மீட்டார்கள். (அடித்துவிட்டேன். அந்தக் கார்டில் அதற்குப் பிறகு இரண்டு கல்யாணம் ஏறியாயிற்று.)

முடிவு இரண்டு: அடையாள அட்டையிலிருந்து அவர் முகத்தை வெட்டி ஒட்டினார்கள். வீட்டுக்காரர் நிஜமாகவே இதை முணுமுணுத்தார். அவள் பார்த்த பார்வையில் நானும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டேன்.

முடிவு மூன்று: மகள் அழுதாள், மன்னித்தாள், இருவரும் கட்டிப்பிடித்து —

(அடுத்தவர் அப்பாவுக்காக நான் மன்னிப்பு வழங்குவதா? நல்ல கூத்து.)

6

நடந்தது இதுதான். மகள் வந்தாள். அக்கா திரையை அவள் பக்கம் திருப்பி, எதையும் மறைக்காமல் சொன்னாள். கத்தப்போகிறாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் கத்தவில்லை. சாம்பல் நிறத்தில் நாற்காலி இருந்திருக்க வேண்டிய இடத்தை விரலால் தொட்டாள்.

"நாங்க எல்லாரும் பின்னாடி நின்னோம். அப்பா முகத்த நீங்க மட்டும்தான் பார்த்தீங்க," என்றாள். "சிரிச்சாரா அக்கா?"

குழுவாகப் படமெடுக்கும்போது படமெடுப்பவர் கண், யார் இமைக்கிறார்கள் என்பதில்தான் இருக்குமாம். பின்வரிசையில் ஒரு தம்பி இமைத்துக்கொண்டே இருந்தான். அக்கா அன்று அவனைத்தான் பார்த்தாள்; அப்பா சிரித்தாரா என்பது அவளுக்கும் தெரியாது. இதை அவளே பிறகு என்னிடம் சொன்னாள்.

அந்த இடத்தில் அவள் என்ன பதில் சொன்னாள் என்பதும் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். இவ்வளவு தூரம் சும்மாவே கூட வந்தீர்கள். இப்போது அவள் நின்ற இடத்தில் நீங்கள் வந்து நில்லுங்கள். அந்த மகள் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.