அரை அங்குல மேடு

அந்தக் கார் தெருவுக்குள் நுழைந்தால் கல்லூரிப் பையன்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சின்னக் கார்தான், ஆனால் பூனை பதுங்குகிற மாதிரி தரையோடு ஒட்டிக்கொண்டு போகும். ஸ்டைலுக்காகத் தாழ்த்தியிருக்கிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஓட்டுகிறவளுக்கு நாற்பத்தாறு வயது. கழுத்தில் அளவு நாடா, பக்கத்து சீட்டில் மடித்து வைத்த சக்கர நாற்காலி. அந்தக் கார் எப்படித் தாழ்ந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள் கண்ணுகளா.

துணி தைக்கிற கம்பெனி ஒன்றில் அவள் கட்டிங் மாஸ்டர். இடுப்புக்குக் கீழே கால்கள் சொன்ன பேச்சைக் கேட்காமல் போய்ப் பதினோரு வருஷம். கையாலேயே பிரேக் பிடிக்கிற லீவர் வைத்த கார் வாங்கி, ஓட்டவும் கற்றுக்கொண்டாள். ஏறுவதுதான் தகராறு. நாற்காலியைவிடக் கார் சீட் இரண்டு அங்குலம் உயரம். இரண்டுக்கும் நடுவே சறுக்குப் பலகையைப் போட்டு நகர்ந்தால், பாதி மேட்டில் வழுக்கிப் பழைய இடத்துக்கே வந்துவிடுவாள். அதனால் காலையில் வீட்டுக்காரர் தூக்கி வைப்பார், கூடவே போய் அங்கே இறக்கி விடுவார். சாயங்காலமும் அதே கதை.

ஒரு நாள் தூக்கும்போது அவர் முதுகில் கடக்கென்று ஒரு சத்தம். டிஸ்க் விலகிவிட்டது, இனிமேல் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்கக்கூடாது என்றார் டாக்டர். மூன்று வாரம் அவள் வேலைக்குப் போகவில்லை. வருகிற திங்கட்கிழமையும் வராவிட்டால் வெட்டுமேசையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று கம்பெனியில், வருத்தப்பட்டுக்கொண்டே, சொல்லிவிட்டார்கள்.

"நாற்காலியை உயர்த்திக்கோயேன்," என்றார் வீட்டுக்காரர்.

"உயர்த்தினா முழங்கால் மேசைக்கு அடியில போகாது. நான் எதுக்குங்க ஏறணும்? கார் இறங்கி வரட்டும்."

அவருடைய தங்கைக்குச் சொந்தமாகக் கார் பட்டறை உண்டு. ஊருக்கெல்லாம் அவள் பெயர் ஸ்பானர். போன் போட்டுக் கேட்டதும் கறாராக மறுத்துவிட்டாள். "காரைத் தாழ்த்துற வேலை என் பட்டறையில கிடையாது, அண்ணி. இருக்கிற பல்லெல்லாம் ஆடிப்போயிடும்."

வீட்டுக்காரர் தங்கைக்குத் தெரியாமல் வியாழக்கிழமை வேறொரு கடைக்கு வண்டியைக் கொண்டுபோனார். அரை மணி நேரம்தான். நாலு ஸ்பிரிங்கிலும் ஒவ்வொரு சுற்றை வெட்டி எறிந்து, வண்டியைத் தாழ்த்திக் கொடுத்துவிட்டார்கள். கட்டிங் மாஸ்டர் பலகையைப் போட்டாள், நகர்ந்தாள், டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். யார் கையும் படவில்லை. அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் அவர் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து சீட்டில் ஏறினார்.

தெருமுனை வேகத்தடையில் தடாரென்று விழுந்தது வண்டி. அவளுடைய வலது கால் துள்ளிப்போய் லீவருக்கு அடியில் சிக்கிக்கொண்டது. எப்படியோ நிறுத்தினாள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். "போதும்மா. வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அவள் காலை இரண்டு கையாலும் எடுத்துச் சரியாக வைத்தாள். "மெதுவா ஓட்டுறேன். நேரா உங்க தங்கச்சிகிட்டதான் போறோம்."

பட்டறையில் ஸ்பானர் கேட்காமல் கொள்ளாமல் அண்ணியை அலாக்காகத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தாள். அண்ணிக்கு அது பிடிக்கவில்லை என்பதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"எவன் வெட்டினான் இதை? அண்ணா, இந்த வேலைக்கு நீயே ஒரு அரிவாள் எடுத்து வெட்டியிருக்கலாம்." சக்கரத்துக்கு மேலே தூண் மாதிரி நிற்கிற ஸ்ட்ரட்டைக் காட்டினாள். "ஸ்பிரிங் குட்டையாயிடுச்சு. அதுக்குள்ள இருக்கிற இந்த ஸ்ட்ரட் அதே நீளம். இதோட கம்பி குழாய்க்குள்ள போக இடமே இல்ல. பள்ளத்துல விழுந்தா முட்டாம என்ன செய்யும்?"

கட்டிங் மாஸ்டர் குனிந்து பார்த்தாள். "கோட்டுக் கையைக் குறைச்சவன் உள்ள லைனிங்கைக் குறைக்காம விட்டுட்டான். அதான் சுருட்டிக்கிட்டு நிக்குது. லைனிங்கையும் குறை."

ஸ்பானர் மறுபடி ஸ்ட்ரட்டைக் குனிந்து பார்த்தாள். பிறகு, "கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து நீங்க பேசின முதல் உருப்படியான பேச்சு, அண்ணி," என்றாள்.

"நீ காது கொடுத்தது இதுதானே முதல் தடவை."

வெள்ளிக்கிழமை காலை மேசைமேல் மூன்று ஸ்ட்ரட்டுகள். கட்டிங் மாஸ்டர் ஒவ்வொன்றின் கம்பியையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள், துணி எடுக்கிறவள் கசக்கிப் பார்க்கிற மாதிரி. முதலாவது கார் கம்பெனி வைத்த அதே நீளம், உதவாது. இரண்டாவது பந்தயக் காருக்கானது, அவள் உடம்பையே சாய்த்து அழுத்தியும் அசையவில்லை. "இது என் முதுகெலும்பை எண்ணிப் பார்த்துடும்," என்று தள்ளி வைத்தாள். மூன்றாவது குட்டைக் குழாய். நிதானமாக இறங்கி, நிதானமாக எழுந்தது.

"இதுதான்."

"இதுலயும் ஸ்பிரிங் உட்கார்ற தட்டு உயரத்துல இருக்கே."

"தட்டை இறக்கு. வேலை தெரிஞ்சவதானே நீ."

அந்தப் பேச்சு ஸ்பானருக்குப் போதும். முன்பக்கத்துக்கு இரண்டு. உள்ளேயிருந்த எண்ணெயை வடித்தாள், தட்டை அறுத்தெடுத்தாள், மரை வெட்டிய உறை ஒன்றைக் குழாய்மேல் போட்டு வெல்டிங் வைத்தாள். தட்டு இப்போது திருகினால் ஏறும், திருகினால் இறங்கும். பின்பக்கத்துக்கும் அதே மாதிரி குட்டையானதாகத் தேடிப் போட்டு, வெட்டுப்பட்ட ஸ்பிரிங்குகளைக் கடாசிவிட்டுப் புதிதாக மாட்டினாள். ஞாயிறு காலை கார் சீட்டும் நாற்காலியும் ஒரே உயரம். இரண்டு பேரும் தனித்தனியாக அளந்தார்கள். இரண்டு பேருக்கும் அடுத்தவள் அளவில் நம்பிக்கை இல்லை.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பும் முன் ஸ்ட்ரட் கம்பியில் பாவாடை எலாஸ்டிக் துண்டு ஒன்றைக் கட்டினாள் கட்டிங் மாஸ்டர். வண்டி அமுங்கும்போதெல்லாம் குழாய் அதை மேலே தள்ளும், தள்ளிய இடத்திலேயே அது நிற்கும். மூன்று வேகத்தடை ஏறி இறங்கித் திரும்பினாள். ஸ்பானர் எட்டிப் பார்த்தாள். எலாஸ்டிக்குக்கு மேலே இன்னும் கட்டைவிரல் அகலம் மிச்சம். முட்டவில்லை.

கதை முடிந்தது என்றுதான் அவர்களும் நினைத்தார்கள்.

கட்டிங் மாஸ்டர் இறங்கப் பலகையைப் போட்டாள். நகர்ந்தாள். பாதியில் நின்றாள். மறுபடி நகர்ந்தாள், சீட்டுக்கே வழுக்கினாள். மூன்றாவது தடவை தோள் நடுங்கியது. வீட்டுக்காரர் முதுகை மறந்து குனிந்தார். ஸ்பானர் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"ரெண்டு பேரும் தொடாதீங்க," என்றாள் கட்டிங் மாஸ்டர். மூச்சு வாங்கியது. "இன்னைக்கு நீங்க தூக்கினா நாளைக்குக் கம்பெனியில யார் தூக்குவா?"

இரண்டு பேரும் விலகி நின்றார்கள். அவள் நாற்காலியையும் தன் மடியையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"ஹேங்கர்ல தொங்கின சட்டையை அளந்திருக்கோம்டீ. போட்டுக்கிட்டு அளக்கல. நான் உட்கார்ந்ததும் கார் அமுங்கியிருக்கு பாரு."

ஸ்பானர் நெற்றியில் அடித்துக்கொண்டாள். கிரீஸ் அங்கேயே ஒட்டிக்கொண்டது. சக்கரத்துக்கு மேலே இருந்த இடைவெளியை அளந்துகொண்டு, ஜாக்கியைக் கொண்டுவந்து வண்டிக்கு அடியில் வைத்து, அண்ணி உள்ளே இருக்கும்போதே மெல்ல மெல்ல ஏற்றினாள்.

"இன்னும். இன்னும் கொஞ்சம். நிறுத்து."

கட்டிங் மாஸ்டர் நகர்ந்து நாற்காலிக்கு வந்தாள். ஒரே மூச்சில்.

ஸ்பானர் சக்கரத்துக்கு மேலே இருந்த இடைவெளியை மறுபடி அளந்து, முன்பு அளந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். "அரை அங்குலம். தட்டை அவ்வளவு ஏத்திடலாம். ஆனா ஒவ்வொரு தடவை ஏறும்போதும் அந்த அரை அங்குலம் மேடா இருக்குமே, அண்ணி."

"இருக்கட்டும். ஏறும்போது பிடிச்சு இழுக்க ஸ்டியரிங் இருக்கு. இறங்கும்போது பிடிச்சுக்க ஒண்ணுமில்ல. மேடு ஏறும்போதே வரட்டும்."

திங்கட்கிழமை காலை வாசலில் வீட்டுக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அப்படி நிற்கச் சொல்லி அவளுடைய உத்தரவு. ஸ்பானரும் எதற்கோ அந்தப் பக்கம் வந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். முதல் தடவை கட்டிங் மாஸ்டர் வழுக்கினாள். இரண்டாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு மேட்டைத் தாண்டினாள், கார் அவளுக்காக மெல்ல அமுங்கியது. நாற்காலியை மடித்து இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

கார் தெருமுனைக்குப் போயிற்று. அண்ணனும் தங்கையும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். வேகத்தடையில் முன் சக்கரம் ஏறி இறங்கியது, பின் சக்கரம் ஏறி இறங்கியது. ஒரு சத்தமும் இல்லை.

"போயிட்டா," என்றார் அவர்.

"கையை முன்னால கொண்டுவாண்ணா," என்றாள் ஸ்பானர். "இன்னும் எதுக்குக் கட்டிக்கிட்டு நிக்கிற?"