முகத்தைக் காட்டச் சொன்னவன்

எங்கள் குளியல் கூடத்தில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரையைத் தொடாது. ஆவி வெளியேறுவதற்காக விட்ட இடைவெளி அது. ஆவியோடு பேச்சும் வரும். வாசல் கூண்டில் உட்கார்ந்து சோப்பும் துண்டும் எடுத்துக் கொடுக்கிற எனக்கு இந்தப் பேட்டையில் யார் வீட்டில் என்ன புகைகிறது என்பது தெரியாமல் போனதில்லை. ஒட்டுக்கேட்கிறேன் என்று சொல்லுவார்கள். காதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டா வேலைக்கு வர முடியும்?

தென்கொரியாவின் சியோல் நகரத்தில் தளபதிகள் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு ஆண்ட வருடங்கள் அவை. பல்கலைக்கழக வாசல் எங்கள் மேட்டுக்குக் கீழேதான். வெள்ளிக்கிழமை வந்தால் பிள்ளைகள் உள்ளேயிருந்து ஊர்வலமாக வருவார்கள். கலவரப் போலீஸ் கேடயத்தோடு மறிக்கும். இங்கேயிருந்து கல்லும் பெட்ரோல் பாட்டிலும், அங்கேயிருந்து கண்ணீர்ப்புகையும் பறக்கும். நாங்கள் ஈரத்துண்டைக் கதவிடுக்கில் திணித்துக்கொண்டு, துணி காயப்போட முடியவில்லையே என்று இரண்டு தரப்பையும் சமமாகத் திட்டுவோம்.

இந்தக் கூத்துக்கு நடுவேதான் பியோ முஜின் ஒரு சங்கம் ஆரம்பித்தான். பெயர், வெறுங்கை வட்டம். கல்லும் வேண்டாம், பாட்டிலும் வேண்டாம், அடித்தால் உட்காருவோம் என்பது கொள்கை. வட்டம் என்று சொல்லுகிற அளவுக்கு ஆள் இல்லை. எல்லாரும் கைகோத்து நின்றால் ஒரு முக்கோணம் வரலாம். முஜின் நீளக் கழுத்துப் பையன், சிவில் எஞ்சினியரிங் மூன்றாம் வருடம், மால்சுன் அக்காவின் அரிசிப் பணியாரக் கடைக்கு மேலே மாடி அறையில் குடியிருந்தான். கல்லூரியில் அவனைப் பார்த்தாலே கையெடுத்துக் கும்பிட்டு, "சாமி வந்துட்டார், வழிவிடுங்கடா" என்பார்கள்.

சாமி எங்களையும் விடவில்லை. வீடு வீடாக வந்து, காலி சாராய பாட்டில்களை வெளியே அடுக்காதீர்கள், பெட்ரோல் ஊற்ற எடுத்துப் போய்விடுகிறார்கள் என்றான். வெள்ளிக்கிழமை காலைகளில் சாக்கு எடுத்துக்கொண்டு, நடைபாதையில் பெயர்ந்து கிடக்கும் கல்லையெல்லாம் பொறுக்குவான்.

"ஏண்டா, எஞ்சினியரிங் படிச்சிட்டுக் கல் பொறுக்குறியே, உங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்று மால்சுன் அக்கா கேட்பாள்.

"நீங்களும் வந்து பொறுக்கினா சீக்கிரம் முடியும் அக்கா. போன வாரம் உடைஞ்சது உங்க கடைக் கண்ணாடிதானே?"

அந்தக் கண்ணாடி விஷயம் வேலை செய்தது. அக்கா குனிந்தாள். அக்கா குனிந்தால் தெரு குனியும். வாயால் திட்டிக்கொண்டே நானும் ஒரு வாளி பொறுக்கினேன்.

போலீஸ்காரப் பையன்களை ஞாயிற்றுக்கிழமை லாரியில் ஏற்றி எங்கள் கூடத்துக்குக் குளிக்க அனுப்புவார்கள். போலீஸ் என்று சொல்வது பேச்சுக்குத்தான். கட்டாயப் படைச்சேவைக்கு வந்த இருபது வயதுப் பிள்ளைகள். யாரை வட எல்லைக்கு அனுப்புவது, யார் கையில் கேடயம் கொடுப்பது என்று மேலே எவனோ முடிவு செய்வான். போன வருடம் கல் எறிந்தவன் இந்த வருடம் அதை வாங்கிக்கொள்வதும் உண்டு. முடியை ஒட்ட வெட்டியிருப்பதால் மட்டும்தான் அவர்களை அடையாளம் தெரியும். துணியைக் கழற்றிவிட்டால் மிச்சமெல்லாம் மாணவர்களுக்கு இருப்பதுதான்.

அவர்களில் கில்சு என்று ஒருவன். கிழக்கே மலைப்பக்கம், நிலக்கரிச் சுரங்க ஊர். ஒரு ஞாயிறு அவனுக்கும் முஜினுக்கும் வெந்நீர்த் தொட்டியில் பேச்சு விழுந்தது. நம் வழக்கப்படி பக்கத்தில் இருப்பவனிடம் முதுகு தேய்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான் கில்சு.

"அண்ணே, நான் யாருன்னு தெரிஞ்சுதான் தேய்க்கிறீங்களா?"

"தெரியாம என்ன. போன வாரம் என் தோள்ல தடியால போட்டது நீயாக்கூட இருக்கலாம்."

"இருக்கலாம். என் கேடயத்துல எறிஞ்சது நீங்களா?"

"நான் எறியறதில்ல."

"எல்லாரும் அதையேதான் சொல்றீங்க. அப்ப கல்லு வானத்துல இருந்தா விழுது?"

இருவரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் லாரி வரும் நேரத்துக்கு முஜினுக்கும் அழுக்குச் சேர்ந்துவிடும். கில்சு சுரங்கத்தில் இருமும் அப்பாவைப் பற்றிப் பேசுவான். சீனியர்கள் தங்கள் பூட்சை இவனிடமே துடைக்கக் கொடுப்பதைச் சிரித்துக்கொண்டே சொல்லுவான். அக்கா கடைக்குத் தண்ணீர் தூக்கிக் கொடு என்று நான் ஒரு தரம் விளையாட்டாகச் சொன்னதற்கு, லாரி கிளம்பும் நேரத்தில் ஓடிப்போய்த் தூக்கிக் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்கினான். அப்படி ஒரு பிள்ளை.

முஜின் ஒரு பெரிய ஊர்வலத்துக்கு ஏற்பாடு செய்தான். அவனைக் கேலி செய்து சிரித்த கூட்டத்தில் பாதிப்பேர், சரி, இந்த ஒரு தடவை கல் இல்லாமல் போய்ப் பார்ப்போம் என்று இறங்கி வந்திருந்தார்கள். அதற்கு முந்தின ஞாயிறு சுவருக்கு மேலாக இது காதில் விழுந்தது:

"கில்சு, வெள்ளிக்கிழமை முன்வரிசைல நாங்கதான் உக்காருவோம். கையை விரிச்சுக் காட்டுவோம். நீ தலைக்கவசத்துல இருக்கிற அந்தக் கம்பிவலையைத் தூக்கி முகத்தைக் காட்டு."

"உத்தரவில்லாம தூக்கினா சீனியர் தோலை உரிச்சிருவான் அண்ணே."

"ஒருத்தன் தூக்கினாப் போதும். பசங்க உங்களை மனுசங்களாவே பாத்ததில்லடா. தலைக்கவசமும் வலையும்தான் தெரியுது. ஒரு முகத்தைப் பாத்தா எவனுக்கும் கை வராது."

தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"சரி அண்ணே. நீங்க கேட்டுட்டீங்க."

வெள்ளிக்கிழமை நாங்கள் தெருவைச் சலித்து எடுத்திருந்தோம். பல் குத்தக்கூடக் கல் கிடையாது. மால்சுன் அக்கா தட்டு நிறையப் பணியாரம் வைத்துக்கொண்டு, "எந்தப் பக்கம் முதல்ல கொடுக்கணும், சாமி?" என்று கத்தினாள். பிள்ளைகள் பாடிக்கொண்டே வந்து கேடயங்களுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கைகளை விரித்தார்கள். நான் மொட்டைமாடியில் நின்றேன்.

கில்சு வலையைத் தூக்கினான்.

வெயிலில் சிவந்து, வேர்வையில் நனைந்த முகம். அவனைப் பார்த்து இன்னொருவன் தூக்கினான். பிறகு இன்னும் இரண்டு பேர். முன்வரிசையில் ஒரு பெண், கடைசியாகத் தூக்கினவனைக் காட்டி, "டேய், நம்ம துறையில இருந்தவன்டா அவன்!" என்று கூவினாள். அந்தப் பக்கமும் சிரிப்பு வந்தது. இத்தனை வருடத்தில் அந்த வாசலில் இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்து நான் கேட்டதில்லை. அக்கா பணியாரத்தோடு நடக்கத் தொடங்கினாள்.

முகம் தெரிந்தது முன்வரிசைக்குத்தான். பின்னால் நூலகப் படிகள் வரை நின்றவர்களுக்குத் தெரிந்தது வழக்கமான கறுப்புத் தலைக்கவசங்கள் மட்டுமே. முன்னால் எழுந்த கூச்சலைக் கேட்டு, அடி விழத் தொடங்கிவிட்டது என்று நினைத்தார்கள். நாங்கள் தெருவைப் பொறுக்கினோம்; பல்கலைக்கழகத்துக்கு உள்ளே, கால்வாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்த கல்லை யார் பொறுக்குவது? எங்கிருந்தோ ஒரே ஒரு கல் வந்தது. எறிந்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது. அவனுக்கே தெரியாமல்கூட இருக்கலாம்.

கில்சு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு மடிந்து விழுந்தான். அதற்குமேல் புகைதான். பணியாரத்தட்டு தெருவில் உருண்ட சத்தம் கேட்டது.

அந்தக் கண் போய்விட்டது. இன்னொன்றையும் காப்பாற்ற முடியுமா என்று மருத்துவர்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஊரிலிருந்து அவன் அம்மா வந்தாள். போலீஸ் மருத்துவமனை பக்கத்தில்தான் என்பதால் எங்கள் கூடத்துப் பின்னறையில் தங்க வைத்தோம், ஏற்பாடு முஜினுடையது. மகனின் நண்பன் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தான். தினமும் அவள் காய்ச்சுகிற பைன்கொட்டைக் கஞ்சியைத் தூக்குவாளியில் சுமந்து மருத்துவமனை வாசல் வரை கூடப் போவான். மாணவர்களை உள்ளே விடமாட்டார்கள். வெளியே நிற்பான்.

அந்த அம்மா யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்டாள். துண்டு வாங்க வந்தவர்களிடம்கூட. "வலையைத் தூக்கக் கூடாதுன்னு சொல்லித்தானேம்மா நிறுத்தறாங்க? என் பையன் ஏன் தூக்கினான்? பெரிய அதிகாரி விசாரிச்சதுக்கு, வேர்த்துச்சு, தூக்கிட்டேன்னானாம். வேர்க்கிறதுக்கெல்லாம் பயப்படற பையனா அவன்? சுரங்க ஊர்ல பொறந்தவன்."

நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

ஒரு நாள் காலை, கஞ்சி ஆறட்டும் என்று என் கூண்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது, மறுபடியும் அதையே முஜினிடம் கேட்டாள். அவன் தூக்குவாளியைக் கீழே வைத்தான். தரையில் மண்டியிட்டான்.

"நான்தாம்மா தூக்கச் சொன்னேன்."

எல்லாவற்றையும் சொன்னான். முகத்தைப் பார்த்தால் எறியமாட்டார்கள் என்று நம்பினதையும். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்துக் கூண்டிலிருந்து எழுந்து நின்றேன். அடிக்கவில்லை.

"அங்க அவ்வளவு பேர் நிக்கிறாங்களே. ஏன் இவனைக் கேட்டே?"

அவளே தொடர்ந்தாள்.

"சின்ன வயசுலேர்ந்தே யார் எதைக் கேட்டாலும் மாட்டேன்னு சொல்ல வராது இவனுக்கு. அது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுதான் கேட்டியா?"

அவன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அங்கே இருந்த யாரும் மறுத்திருக்கமாட்டோம்.

"ஆமாம்மா," என்றான். "வேற யாரும் ஒத்துக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுதான்."

அவள் கஞ்சியைத் தொட்டுப் பார்த்தாள். மூடியை அழுத்தி மூடினாள். முஜின் எழுந்து, வழக்கம்போல வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். தூக்குவாளியை அவள் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். கோபமாகக்கூட இல்லை; அன்னியர் யாரோ கேட்டதைப் போல. செருப்பை மாட்டிக்கொண்டு மேட்டில் தனியாக இறங்கிப் போனாள்.

நீட்டின கையோடு முஜின் வாசலில் நின்றான். அவள் பின்னாலும் போகவில்லை. தன் அறைக்கும் திரும்பவில்லை.