ஒருவரும் தொழாத பள்ளிவாசல்

“டீச்சர், ஒருத்தரும் தொழாத பள்ளிவாசல் எங்கட ஊருல ஏன் கிடக்கு?”

ஆறாம் வகுப்பு விதுர்ஷா இப்படிக் கேட்டது வரலாற்றுப் பாடத்தில். புத்தகத்தில் அரசர்களும் குளங்களும் இருந்தன; வாவிக்கரையில் கூரை இடிந்து நிற்கும் அந்தப் பள்ளிவாசல் இல்லை. அங்கே தொழுத குடும்பத்தவர் ஒருவரே வந்து சொல்லட்டும் என்று தெய்வமணி டீச்சர் நினைத்தாள்.

அடுத்த வாரம் ஓட்டமாவடியிலிருந்து நபீஸா வந்தார். தெய்வமணி கைக்குழந்தையாக இருந்தபோது தாய்க்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றியது. பக்கத்து வீட்டு நபீஸாதான் தன் மகன் றிப்ஷானோடு அவளுக்கும் பால் கொடுத்தார்.

“பாடம் முடிய மையவாடிக்குக் கூட்டிப் போவியா மனே? தொண்ணூறாம் வருஷத்துக்குப் பிறகு றிப்ஷானப் புதைச்ச கபுற நான் பார்க்கல்ல.”

“ஓம் உம்மா, கட்டாயம்.”

வகுப்பில் நபீஸா வாவியில் நீந்தப் பழகியதைச் சொன்னார். பிறகு, துவக்கோடு ஆட்கள் வந்த இரவையும், அன்று செத்துப்போன றிப்ஷானை விடியும்முன் புதைத்துவிட்டு ஓடியதையும் சொன்னார்.

“ஆர் வந்த?” என்றது ஒரு பிள்ளை.

“இருட்டு மனே. முகம் தெரியல்ல.”

அவருக்குத் தெரியும். அந்த முகங்களின் சாயல் முன்வாங்குப் பிள்ளைகளிலேயே இருந்தது.

அதற்குள் பள்ளிக்கூடப் படலையில் சத்தம். விதுர்ஷாவின் தகப்பன் ஜெயரூபன் நாலைந்து பேரோடு நின்று அதிபரிடம் கத்தினார். “எங்கட தமிழ் ஆக்கள வெட்டினத முஸ்லிம் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறாங்களோ, கேளுங்க சேர்!” அவருடைய அண்ணனும் அதே வருடம்தான் கொல்லப்பட்டிருந்தான்.

“அதையும் இங்க சொல்லத்தான் வேணும். நீங்களே வந்து சொல்லுங்க அண்ணன்” என்றாள் தெய்வமணி.

அவர் குரல் தாழ்ந்தது. “எனக்கு வாய் வராது டீச்சர். அவவத் திருப்பி அனுப்புங்க.”

அதிபர் கனகசிங்கம் ஓட்டோ பிடித்துவிட்டார். “மையவாடிப் பக்கம் போகவேணாம். ஏதும் நடந்தா நான் பொறுப்பில்ல.”

விதுர்ஷா ஓடிவந்து தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். நபீஸா இரண்டு மிடறு குடித்தார். “நான் வாறன் மனே” என்று தெய்வமணியின் கன்னத்தைத் தடவிவிட்டு ஏறினார். மையவாடி இருந்த பக்கம் அவர் திரும்பவேயில்லை.

ஞாயிறு காலை தெய்வமணி தனியே அங்கே போனாள். முட்பற்றையை வெட்டி விலக்கியபோது, கபுறுகளின் பெரிய மீசான் கற்களுக்கிடையே குழந்தைக்கு நட்ட சின்னக் கல் ஒன்று சாய்ந்து கிடந்தது. நிமிர்த்தி மண் அணைத்தாள். பழக்கத்தில் கொண்டுவந்திருந்த கற்பூரத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டாள். பள்ளிவாசல் கிணற்றில் அள்ளிய தண்ணீரைத் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை மெல்ல ஊற்றினாள்.

காய்ந்த மண் அதை உடனே குடித்தது. அவள் திரும்பவும் கிணற்றடிக்குப் போனாள்.