பாயில் அவருடைய இடம்

அபூதாஹிரின் வலக்கை மணிக்கட்டோடு போனது அறுபத்தாறாம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில். திருகோணமலைத் துறைமுகத்தில் அவர் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். அன்று தேயிலைப் பெட்டிகளைக் கப்பலுக்குத் தூக்கிக்கொண்டிருந்தபோது கம்பிக்கயிறு சிக்கியது. அதை எடுத்துவிடக் கையை வைத்தார். அந்த நேரம் பார்த்துக் கயிறு இழுபட்டுவிட்டது. ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, துணி சுற்றிய மொட்டைக் கையோடு வீட்டுக்கு வந்தார்.

உயிர் தப்பியதே போதும் என்று அவருடைய மனைவி ஸல்ஹா நோன்பு வைத்து அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள். அவள் எண்ணியிராத துன்பம் அதற்குப் பிறகு, பின்னேரங்களில் வந்தது.

முன்பெல்லாம் அந்த வீட்டுப் பின்னேரத்துக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. துறைமுகத்துச் சங்கு ஊதி அரைமணி நேரத்தில் அபூதாஹிரின் சைக்கிள் உப்புவெளித் தெருவிலிருந்து ஒடுங்கிய ஒழுங்கைக்குள் திரும்பும். கிணற்றடியில் குளித்துச் சாரன் மாற்றிக்கொண்டு அரிக்கன் லாம்பின் கண்ணாடியைக் கழற்றிச் சாம்பல் போட்டுத் துடைப்பார். அந்த வேலையை வேறு யாரிடமும் விடமாட்டார். மஃரிப் தொழுகை முடிந்ததும் மூத்தவள் ஜெமீலாவும் சின்னவள் ஸாலிஹாவும் லாம்புக்கு இருபுறமும் இருந்து குர்ஆன் ஓதுவார்கள். இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு பாய் விரித்து நாலு பேரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவார்கள். கதவுக்கு முதுகு காட்டி இருப்பது அவருடைய இடம். துறைமுகத்தில் அன்று நடந்ததை எல்லாம் அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்ல, பிள்ளைகள் வாயில் வைத்த சோற்றை விழுங்க மறந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அவர் பாயில் வந்து இருக்கவில்லை. பின்னேரம் அஸர் தொழுத கையோடு, பிள்ளைகள் பக்கத்து வளவில் விளையாடுகிற நேரமாகப் பார்த்துக் குசினிக்குள் வருவார். சுவரைப் பார்த்தபடி பலகையில் குந்துவார். ஸல்ஹா சோற்றைப் பிசைந்து ஊட்டுவாள். ஏழெட்டு வாயோடு போதும் என்று எழும்பிவிடுவார். பிறகு அறைக்குள் போய்ப் படுத்தால் விடியும்வரை வெளியே வரமாட்டார். இடக்கையால் சாப்பிடுவது அவருக்கு ஏலாமல் இருந்தது. இயலாதவனுக்கு மார்க்கத்தில் தடை இல்லை என்று பள்ளிவாசல் லெப்பை வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். அபூதாஹிருக்கும் அது தெரிந்ததுதான். ஆனால் அந்தக் கையைச் சோற்றில் வைக்க மனம் ஒப்பவில்லை என்றார்.

இரண்டு மாதம் ஸல்ஹா ஊட்டினாள். காயம் ஆறட்டும், மனம் ஆறட்டும் என்று இருந்தாள். காயம் ஆறியது. லாம்பை இப்போது ஜெமீலா கொளுத்தினாள்; கண்ணாடி கரி பிடித்துக் கிடந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் பாயில் இருந்து தலையைக் குனிந்துகொண்டு, சாவு நடந்த மையித்து வீட்டில் சாப்பிடுகிறவர்களைப் போலச் சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள். ஒருநாள் ஆறு வயது ஸாலிஹா, வாப்பா தங்களோடு கோபமா என்று கேட்டாள். இல்லை என்றாள் ஸல்ஹா. கோபம் இல்லையென்றால் ஏன் தங்களோடு சாப்பிடுவதில்லை என்று பிள்ளை திரும்பக் கேட்டது. அன்றிரவு பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்க்கும்போது அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்.

அடுத்தநாள் அஸருக்குப் பிறகு அபூதாஹிர் வழக்கம்போலக் குசினிக்கு வந்து பலகையில் குந்தினார். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. ஸல்ஹா சோற்றுக் கோப்பையை எடுக்கவில்லை.

"சோறு இனி இஷாவுக்குப் பிறகுதான்," என்றாள். "பாயில வைப்பன். நான் ஊட்ட மாட்டன்."

அவர் திரும்பிப் பார்த்தார். பகிடி விடுகிறாளோ என்று நினைத்திருக்க வேண்டும். பதினாலு வருடத்தில் அவருடைய சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லாதவள்.

"எனக்கு ஏலாதெண்டு உனக்குத் தெரியாதா?"

"ஏலும். நீங்க செய்து பார்க்கேல்ல."

அவர் எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். இஷாவுக்குப் பிறகு ஸல்ஹா பாயை விரித்து, நாலு கோப்பை வைத்து, ஒருமுறை கூப்பிட்டாள். அவர் வரவில்லை. பிள்ளைகளைச் சாப்பிட வைத்தாள்; தான் சாப்பிடவில்லை. இரவு முழுக்க அவர் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. அவளுக்கும் நித்திரை இல்லை. பட்டினி கிடந்து இந்த மனிதருக்கு ஏதும் ஆகிவிட்டால் தன்னை யார் மன்னிப்பார்கள் என்று பயந்தாள். விடியப்புறம் எழும்பிப் போய் ஊட்டிவிடுவோமா என்றுகூட நினைத்தாள். சின்னவள் கேட்ட கேள்விதான் அவளைப் பிடித்து நிறுத்தியது.

காலையில் அவர் தேத்தண்ணியை மட்டும் குடித்தார். தேத்தண்ணிக் கோப்பையின் காதைப் பிடிக்க இடக்கைக்குத் தெரிந்திருந்தது. ஸல்ஹா அதைக் கவனித்துக்கொண்டாள்.

பட்டினிக் கதை ஜெமீலாவின் வாயால் அடுத்த ஒழுங்கைக்குப் போய்விட்டது. அன்று பின்னேரம் அபூதாஹிரின் ராத்தா றபீக்கா, மூடிய சோற்றுக் கோப்பையோடு வந்தாள். தகப்பன் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். ஸல்ஹா வாசல் படலைக்கு வந்து நின்றாள்.

"உள்ள வாங்க மதினி, இருங்க, தேத்தண்ணி குடிங்க. சோறு மட்டும் ஊட்ட வேணாம்."

"கை இல்லாத மனுசன் அவன், புள்ள. உனக்கு நெஞ்சில ஈரம் இல்லையா?"

"ஒரு கை இல்லாத மனுசன், மதினி. மத்தக் கை இருக்கு."

றபீக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. இது ஸல்ஹாவுக்குச் சீதனமாக வந்த வீடுதானே, அதனால்தான் தன் தம்பி இங்கே ஒரு பிடி சோற்றுக்குக் கெஞ்ச வேண்டிக் கிடக்கிறது என்றாள். அந்தச் சொல் ஸல்ஹாவைச் சுட்டது. கண் நிறைந்துவிட்டது. இருந்தும் படலையை விட்டு விலகவில்லை. அப்போது அறைக்குள்ளிருந்து அபூதாஹிரின் குரல் வந்தது.

"ராத்தா, நீங்க போங்க."

அவ்வளவுதான். கோபத்தில் சொன்னாரா, வெட்கத்தில் சொன்னாரா, தன் பக்கம் நின்று சொன்னாரா என்று ஸல்ஹாவுக்கு விளங்கவில்லை. றபீக்கா கோப்பையைச் சேலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பிப் பாராமல் போனாள். அன்றிரவும் நாலாவது கோப்பை பாயில் வெறுமையாகவே இருந்தது.

மூன்றாம் நாள் வெயில் சாயும் நேரம் கிணற்றடியில் கப்பி கிறீச்சிடும் சத்தம் கேட்டு ஸல்ஹா குசினி யன்னலால் எட்டிப் பார்த்தாள். அபூதாஹிர் தண்ணீர் அள்ள நின்றுகொண்டிருந்தார். இவ்வளவு நாளும் ஜெமீலாதான் அவருக்கு அள்ளி வைப்பாள். ஒரு கையால் கயிற்றை இழுத்தார். அடுத்த பிடி பிடிக்க விட்டபோது கயிறு வழுக்கிக்கொண்டு ஓடியது. வாளி கிணற்றுக்குள் தொம்மென்று விழுந்தது. குசினியில் நின்ற பிள்ளைகள் இரண்டு பேரும் ஓடப் பார்த்தார்கள். ஸல்ஹா சின்னவளின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். போகவேண்டாம் என்று மூத்தவளுக்குக் கண்ணைக் காட்டினாள். அவளுடைய கால்களும் கிணற்றடிக்குத்தான் ஓட நின்றன. யன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாம் முறையும் வாளி விழுந்தது. அபூதாஹிர் கிணற்றுக் கட்டின் மேல் இருந்து கொஞ்ச நேரம் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பினார். ஒரு முழம் இழுத்தார். இழுத்த கயிற்றைக் காலுக்குக் கீழே போட்டு மிதித்துக்கொண்டார். கையை மேலே கொண்டுபோய் அடுத்த முழம் இழுத்தார். மறுபடி மிதித்தார். அரை வாளித் தண்ணீர் மேலே வந்தது. அதைக் கட்டின் மேல் வைத்துவிட்டு, ஓடி வந்தவரைப் போல மூச்சு வாங்கினார். மஃரிப் பாங்கு சொல்லும்போது அவர் கை கால் கழுவித் தொழுகைக்கு ஒளு செய்துகொண்டிருந்தார். மொட்டைக் கையில் தண்ணீர் பட்டபோது முகம் ஒருமுறை சுருங்கியது.

ஸல்ஹா அடுப்படிக்கு ஓடினாள். காலையில் மீன்காரனிடம் முள் குறைந்த பாரை மீன்தான் வேண்டும் என்று தேடி வாங்கியிருந்தாள். மீன் ஆணத்தைத் தண்ணியாக விடாமல் வற்ற வைத்தாள். சோற்றையும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குழைய இறக்கினாள், விரலுக்குள் அடங்கட்டும் என்று. பிள்ளைகளைக் கூப்பிட்டு, வாப்பா வந்து இருந்தால் யாரும் அவருடைய கையைப் பார்க்கக்கூடாது, உதவிக்குப் போகக்கூடாது, அழக்கூடாது, பள்ளிக்கூடத்துக் கதை கதைக்க வேண்டும் என்று சொல்லி வைத்தாள். வருவார் என்று அவளுக்கு நிச்சயம் இல்லை. வராவிட்டால் நாளைக்கும் இதையேதான் செய்வது என்று மட்டும் நிச்சயமாக இருந்தது.

இஷாவுக்குப் பிறகு அவர் வந்தார். கதவுக்கு முதுகு காட்டி, தன் இடத்தில் இருந்தார். பிஸ்மி சொல்லி இடக்கையைச் சோற்றில் வைத்தார். விரல்கள் ஒன்றோடொன்று சேராமல் தடுமாறின. முதல் பிடி வாய்க்குப் போவதற்குள் பாதி சாரனில் கொட்டியது. ஜெமீலா கணக்குப் பாடத்து ஆசிரியையைப் பற்றி வேகவேகமாகக் கதைத்துக்கொண்டிருந்தாள். ஸல்ஹா தன் கோப்பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஸாலிஹா மட்டும் உம்மா சொன்னதை மறந்து வாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாப்பா, நான் சின்னப் புள்ளையா இருக்கக்குள்ள இப்பிடித்தான் கொட்டினனானா?"

அபூதாஹிர் தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்தார்.

"இல்ல மகள். இதை விடக் கூட."

பிள்ளை சிரித்தாள். அவருடைய மீசையும் கொஞ்சம் அசைந்தது. கோப்பையில் இருந்ததை முடிக்க அவருக்கு முக்கால் மணி நேரம் எடுத்தது. யாரும் எழும்பவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். ஸல்ஹா அகப்பையால் அள்ளிச் சிந்தாமல் போட்டாள். மூன்று நாளைக்குப் பிறகு அவளும் அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அபூதாஹிர் தானே போய் ராத்தாவைக் கூட்டி வந்தார். அவள் பாயின் ஓரத்தில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு இருந்தாள். தம்பி இடக்கையால் மீனைப் பிட்டு வாயில் வைப்பதைக் கண்டதும் முகம் கோணிப்போனது. ஊட்டிவிடப் போகிறவள் போலக் கையை நீட்டினாள். அவர் தலையை ஆட்டினார். நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு ஸல்ஹாவைப் பார்த்து, ஆணத்துக்குப் புளி காணாது என்றாள். ஸல்ஹா எழும்பிப் போய்த் தேசிக்காய் வெட்டிக்கொண்டு வந்து அவளுடைய கோப்பையில் பிழிந்துவிட்டாள். அந்த இரண்டு பெண்களும் படலையில் பேசிய பேச்சை அதற்குப் பிறகு ஒருநாளும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு சாப்பாடு முடிந்து பாயைச் சுருட்டும் முன் இன்னொரு பழக்கம் வந்தது. துறைமுகத்தில் அவருக்கு வாசல் காவல் வேலை தரலாம் என்று சொல்லியிருந்தார்கள். உள்ளே வரும் லொறிகளின் இலக்கத்தைக் கொப்பியில் எழுதத் தெரிய வேண்டும். அவர் ஜெமீலாவின் பழைய கொப்பியை வாங்கி, லாம்பைக் கிட்ட இழுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு இடக்கையால் எழுதினார். முதல் கிழமை ஒன்றும் ஏழும் ஒரேமாதிரி இருந்தன. ஸல்ஹா பென்சிலைச் சீவிக் கொடுத்தாள். மூன்று மாதம் ஒரு இரவும் தவறவில்லை.

ஆகஸ்ட் மாதத்தில் அவர் வேலைக்குப் போகத் தொடங்கினார். ஒரு கையால் சைக்கிள் ஓட்ட முடியும் என்றார். ஸல்ஹா அதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. பஸ்ஸிலேயே போய் வந்தார்.