மூன்று சாண் உயரத்தில் ஒரு ரசிகர்

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி மாலை ஆறு மணி நாற்பது நிமிடம் வரை பியோ சாங்கிலின் கால்கள் தரையில் இருந்தன. அடுத்த நிமிடத்திலிருந்து அவர் தரைக்கு ஒரு சாண் மேலே நின்றார். நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவது மா போங்சுவால்தான். போட்டி முடிந்த நேரத்தைத் தன் நோட்டில் எழுதிவிட்டு, கீழே விழுந்த பேனா மூடியை எடுக்கக் குனிந்த போங்சு, அது நண்பரின் செருப்புக்கு அடியில் உருண்டு அந்தப் பக்கம் போய் நின்றதைப் பார்த்தார். மூடியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து, "சாங்கில், நீ தரையில இல்ல" என்றார். சாங்கில் குனிந்து பார்த்துவிட்டு, "ஆமாண்ணே" என்றார். குன்சானில் அந்த வாரம் மஞ்சள் கத்தாளை மீன் கிலோவுக்கு இரண்டாயிரம் வொன் ஏறியிருந்தது. ஊர் அதைப் பற்றியும் பேசியது, இதைப் பற்றியும் பேசியது.

இதற்கு மூன்று வருடம் முன்பு துறைமுகத்துக் கப்பல் கட்டும் தளத்தை மூடியிருந்தார்கள். அங்கே இருபத்தோரு வருடம் வெல்டராக இருந்த சாங்கிலும், பெரிய கிரேனை ஓட்டிய போங்சுவும் மற்றவர்களைப் போலவே ஓக் மால்சுன் அம்மாளின் கம்ப்யூட்டர் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். மீன்கடைக்கு மேலே இரண்டாவது மாடி, மணிக்கு ஆயிரம் வொன், கோடையில் குளிர்ச்சி, குளிர்காலத்தில் கதகதப்பு, இருந்த இடத்துக்கே சூடாக ராம்யோன் நூடுல்ஸ் வரும். முதல் வருடம் திரையில் சீட்டாடினார்கள். இரண்டாம் வருடம் பக்கத்து நாற்காலி இளைஞர்கள் விளையாடியதை எட்டிப் பார்த்தார்கள். ஐந்து பேருக்கு ஐந்து பேர், களத்தில் இடது, நடு, வலது என்று மூன்று வழிகள், வழியெல்லாம் காலாட்களும் காவல் கோபுரங்களும், யார் முதலில் எதிரியின் கோட்டையை உடைக்கிறார்கள் என்பதுதான் விளையாட்டு. மூன்றாம் வருடத்தில், லீக் போட்டி நடக்கும் நாளில் சுவரிலிருந்த பெரிய டிவிக்கு முன்னால் இருபது வேலையிழந்த ஆண்கள் உட்கார்ந்து, சியோலில் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் அதிகம் பேசியது தாக் சுங்யுலைப் பற்றி. குன்சான்காரன். ஒல்லியாக இருந்ததால் நெத்திலி என்றே பெயர் வைத்துக்கொண்டு விளையாடினான். பத்தொன்பது வயதில் சியோல் அணி ஒன்றுக்கு நடுவழியில் ஆடிக் கோப்பை வாங்கினான். இருபத்தேழு வயதில் மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடியவனை அந்த அணி விட்டுவிட்டது. போன வருடம் பத்து அணிகளில் எட்டாவதாக வந்த ஓர் ஏழை அணி அவனை எடுத்துக்கொண்டது. அடுத்த வசந்தத்தில் அவன் ராணுவ சேவைக்குப் போயாக வேண்டும் என்பதால் இதுதான் கடைசி வருடம். அவன் தேறுவானா மாட்டானா என்று பிப்ரவரியில் தொடங்கிய வாக்குவாதம் கோடை வரை ஓயவில்லை.

போங்சு நெத்திலியின் பக்கம். ஒவ்வொரு போட்டியிலும் அவன் எத்தனை பேரை வீழ்த்தினான், எத்தனை முறை விழுந்தான், பத்து நிமிடத்துக்குள் எத்தனை காலாட்களை வெட்டினான் என்றெல்லாம் நோட்டில் குறித்து வைத்திருந்தார்.

"தொண்ணூத்தாறு! போன வருஷம் எண்பத்தெட்டு. இதுக்குப் பேரா கை போச்சுங்கிறது?"

"அண்ணே, காலாளை எங்க வீட்டுப் பூனைகூட வெட்டும்" என்பார் சாங்கில். "சண்டைன்னு வந்தா என்ன பண்றான்? நேத்து அந்த எதிரணிப் பொடியன் முன்னால நின்னு யோசிக்கிறான். யோசிச்சு முடிக்கறதுக்குள்ள கோட்டை போச்சு."

"அவன் யோசிச்சதாலதான் மத்த நாலு பேரும் உயிரோட திரும்புனாங்க."

"திரும்பி? தோத்துட்டு ஒண்ணா பஸ் ஏறுனாங்க. அவ்வளவுதான். வயசு, அண்ணே. கையில திறமை இருக்கும், வயசு விடாது."

மால்சுன் அம்மாள் ராம்யோன் கிண்ணங்களை டக்கென்று வைப்பார். "கத்துறதுக்குத் தனியா காசு வாங்கப்போறேன் பாருங்க ரெண்டு பேர்கிட்டயும். ஆறுறதுக்குள்ள தின்னுங்க."

திறமை இருக்கிறது, வயதுதான் என்ற அந்த வாக்கியம் சாங்கிலின் சொந்த வாக்கியம் அல்ல. உல்சானிலும் கோஜேவிலும் வேலை கேட்டுப் போன இடங்களில் எல்லாம் அவரிடம் சொல்லப்பட்டது. வீட்டில் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. வீட்டில் எதைப் பற்றியுமே பேசியதில்லை. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்த அவர் மனைவி குக் யோன்ஜா தினமும் மாலையில் வந்து இரண்டு பேருக்கும் சோறு வைப்பார். இரண்டு பேரும் டிவியைப் பார்த்தபடி சாப்பிடுவார்கள். கடையில்தான் அவருக்குக் குரல் இருந்தது. அங்கே அதை முழுக்க நெத்திலிக்கு எதிராகச் செலவழித்தார்.

ஆகஸ்டில் நெத்திலியின் அணி தட்டுத்தடுமாறி நாக்-அவுட் சுற்றுக்குக் கடைசி இடம் பிடித்து நுழைந்தது. கடை முழுக்கக் கைதட்டியபோது சாங்கில் எழுந்து நின்று, "நாக்-அவுட்டுல இவன் ஒரே ஒரு போட்டி ஜெயிக்கட்டும், அப்புறம் நான் காலைத் தரையிலயே வைக்க மாட்டேன்" என்றார். போங்சு தேதியோடு எழுதிக்கொண்டார். ஐந்து செட் போட்டியில் நெத்திலி மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தான். அப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன்.

டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். நகராட்சி அலுவலகத்தில் இதற்கு விண்ணப்பப் படிவம் இல்லை என்றார்கள். காற்றில் நடப்பது தரையில் நடப்பது போலவே இருந்தது. மழைநாளில் செருப்பு நனையவில்லை, பஸ்ஸில் மட்டும் பிரேக் போடும்போது ஜன்னல் வரைக்கும் போய்விடுவார். யோன்ஜா முதல் நாள் அவரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, அவர் மிதந்த இடத்துக்கு அடியில் துடைப்பத்தை விட்டுப் பெருக்கினார். இரண்டாவது போட்டியில்தான் கணக்கு புரிந்தது. நெத்திலி ஒரு செட் ஜெயித்தால் சாங்கில் ஒரு சாண் ஏறினார், தோற்றால் ஒரு சாண் இறங்கினார். அந்தப் போட்டியும் மூன்றுக்கு இரண்டு. அரையிறுதியும் மூன்றுக்கு இரண்டு. இறுதிப் போட்டிக்கு நெத்திலி நுழைந்தபோது சாங்கில் மூன்று சாண் உயரத்தில், கடையில் இருந்த எல்லோருடைய தலை உச்சியையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில்தான் இக்சானில் தொட்டிகள் செய்யும் ஒரு பட்டறையிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள். மேற்பார்வையாளர் சாங்கில் போட்ட வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்து, இந்த மாதிரிக் கையைப் பார்த்து ரொம்ப நாளாச்சு என்றார். வயதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் பாதுகாப்பு விதிப்படி பூட்ஸ் இரண்டும் தளத்தில் பட்டிருக்க வேண்டும். மிதப்பவருக்குக் காப்பீடு கிடையாது. திங்கட்கிழமை காலை தரையில் நடந்து வந்தால் வேலை, இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த ஆள். இறுதிப் போட்டி அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு.

கணக்குப் போட நோட்டே தேவைப்படவில்லை. மூன்று சாண் இறங்க மூன்று செட் தோற்க வேண்டும், ஒன்றுகூட ஜெயிக்கக் கூடாது. அது கஷ்டமான காரியமாகவும் தெரியவில்லை. எதிரணி மூன்று வருடமாகச் சாம்பியன். அவர்களின் நடுவழி ஆட்டக்காரனுக்கு வயது பத்தொன்பது, அந்த வருடம் யாரும் அவனைத் தனியாக மடக்கியதில்லை. நாடு முழுக்க மூன்றுக்குப் பூஜ்யம் என்றே பேசினார்கள். போங்சு மட்டும் சனிக்கிழமை முழுவதும் நோட்டைப் புரட்டி, அந்தப் பையன் இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் நீண்ட ஆட்டங்களில் இடது பக்கம் காவல் வைக்க மறந்துவிடுகிறான் என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்லாமல் நோட்டை மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை சாங்கில் வருவதற்கு முன்னால் மால்சுன் அம்மாள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். "இன்னிக்கு யாரும் நெத்திலிக்குக் கைதட்டக் கூடாது. மனசுக்குள்ள என்ன வேணா நினைச்சுக்கங்க. அந்த மனுஷனுக்கு நாளைக்கு வேலை." பிறந்ததிலிருந்து நெத்திலியின் ரசிகர்கள் போல் பேசிவந்த இருபது பேரும் தலையாட்டினார்கள். நெத்திலியின் பெயர் போட்ட பனியனோடு வந்த ஒருவர் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

முதல் செட் முப்பது நிமிடத்தில் போனது. சாங்கில் ஒரு சாண் இறங்கினார். இரண்டாவது செட் அதைவிட வேகமாகப் போனது. இன்னொரு சாண். யோன்ஜா காலையில் துடைத்து வைத்த பழைய பூட்ஸ் அவர் காலில் இருந்தது. மூன்றாவது செட்டில் நெத்திலியின் அணி இரண்டு கோபுரம் இழந்து பின்வாங்கியபோது அவர் மெல்ல மெல்லத் தாழ்ந்தார். பூட்ஸின் நுனிக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல்தான் இருந்தது. திரையில் நெத்திலியின் முகத்தைக் காட்டினார்கள். அவன் மணிக்கட்டுக் கட்டைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கிவிட்டு, மறுபடி மௌஸைப் பிடித்தான். ஆட்டம் இருபத்தாறாவது நிமிடத்தில் இருந்தது.

"இடது பக்கம் காலியா இருக்கு" என்றார் சாங்கில்.

போங்சு திடுக்கிட்டுப் பார்த்தார். "நீயும் பார்த்தியா?"

"காலியா இருக்குண்ணே. ஆனா இவன் யோசிப்பான். நின்னு யோசிப்பான்."

"யோசிக்கட்டும் விடு, சாங்கில். இன்னும் ரெண்டு நிமிஷம். உன் கால் தரையில பட்டுடும். பேசாம இரு."

திரையில் நெத்திலி நின்றான். ஒரு விநாடி, இரண்டு விநாடி. எதிரணி நடுவில் கோட்டை வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தது. சாங்கிலின் கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு கீழே மீன்கடையில் தராசு பிடித்திருந்தவள் நிமிர்ந்து பார்க்கும்படி ஒரு குரல் எழும்பியது.

"உள்ள போடா! யோசிச்சது போதும், உள்ள போடா என் ராசா!"

நெத்திலி இடது பக்கம் வழியாக உள்ளே போனான். இரண்டு பேரை வீழ்த்தினான், மூன்றாமவன் ஓடினான், அந்தப் பத்தொன்பது வயதுக்காரன் திரும்பிப் பார்ப்பதற்குள்ளேயே விழுந்தான். அதற்குப் பிறகு கடையில் யாராலும் யாரையும் அடக்க முடியவில்லை. பனியனைத் திருப்பிப் போட்டவர் அதைக் கழற்றிச் சுழற்றினார். மூன்றாவது செட் கைக்கு வந்தது, நான்காவதும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் சாங்கில் ஒரு சாண் ஏறினார், ஏறியதைக் கவனிக்காமல் கத்தினார். ஐந்தாவது செட்டில் கோட்டை உடைந்து விழுந்தபோது அவருடைய பூட்ஸ் மேஜை உயரத்தைத் தாண்டியிருந்தது. போங்சு அந்த பூட்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நேரத்தை எழுத மறந்துவிட்டார்.

கூட்டம் அமர்ந்த பிறகுதான் சாங்கில் கீழே பார்த்தார். நான்கு சாண். வாசலில் யோன்ஜா நின்றிருந்தார். படியேறி எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஜெயிச்சுட்டானா?"

"ஜெயிச்சுட்டான். யோன்ஜா, இக்சான் வேலை…"

"தெரியுது. கண்ணு இருக்கே." அவர் பக்கத்தில் வந்து கணவரின் பூட்ஸ் நாடா ஒன்று அவிழ்ந்திருந்ததைக் கட்டினார். அந்த உயரத்துக்குக் குனிய வேண்டியிருக்கவில்லை. "தெரு முனையிலயே உங்க குரல் கேட்டுச்சு. யாரோன்னு நினைச்சேன். மூணு வருஷமாச்சு, மறந்தே போச்சு எனக்கு. வாங்க, பசிக்குது. கால்ல கயிறு கட்டவா, நீங்களா வருவீங்களா?"

"நானே வரேன்."

திங்கட்கிழமை இக்சானில் அடுத்த ஆள் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் குளிர்காலம் அவர்களுக்குச் சுலபமாக இல்லை. யோன்ஜா கூடுதல் ஷிஃப்ட் பார்த்தார். ஆனால் வீட்டில் சாப்பிடும்போது டிவி ஓடவில்லை. சாங்கில் ஐந்தாவது செட்டை விளக்க, யோன்ஜா தட்டிலிருந்த கிம்ச்சி முட்டைக்கோஸ் துண்டுகளை அணிகளாக அடுக்கிக் கேள்வி கேட்பார். பிப்ரவரியில், கடைத்தெருவில் பெயர்ப்பலகை செய்யும் ஒருவர், ஏணியே இல்லாமல் வாசல்களுக்கு மேல் நின்று வெல்டிங் வைக்கக்கூடிய ஆள் ஊரிலேயே இருக்கிறார் என்று கேள்விப்பட்டுத் தேடி வந்தார். அவருடைய பட்டறையில் பூட்ஸைப் பற்றி எந்த விதியும் இல்லை. இன்று குன்சான் கடைத்தெருவில் பார்க்கும் பலகைகளில் பாதி சாங்கில் பொருத்தியவை. காற்றடித்தால் ஆடாதவை என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள்.

ராணுவத்துக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால், ஒரு பிற்பகலில், தாக் சுங்யுல் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு மால்சுன் அம்மாளின் கடைக்கு வந்தான். இருபது பேரும் எழுந்து நின்றார்கள். அவன் எல்லோருக்கும் குனிந்து வணங்கிவிட்டு நிமிர்ந்தான், மேலும் நிமிர்ந்தான்.

"அண்ணன்தான் உள்ள போடான்னு கத்தினவரா?"

"நான்தான் தம்பி."

"அங்க ஹால்ல பத்தாயிரம் பேர் கத்துனாங்க. எனக்கு ஒரு குரல்தான் கேட்டுச்சு, குன்சான் பேச்சுல." அவன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். "ஆனா ஒண்ணு சொல்லணும்ணே. நீங்க கத்துனது ரெண்டு விநாடி சீக்கிரம். அப்பவே போயிருந்தா செத்திருப்பேன்."

சாங்கிலின் முகம் சிவந்தது.

"சீக்கிரமா? தம்பி, நீ ரெண்டு விநாடி லேட்டு! போங்சு அண்ணே, அந்த நோட்டை எடுங்க!"

போங்சு நோட்டை எடுத்தார். அவர்கள் பேசியதில் ராம்யோன் ஆறியது, மால்சுன் அம்மாள் வேறு வைத்தார், அதுவும் ஆறியது. நிமிர்ந்தே பேசிப் பேசி நெத்திலிக்குக் கழுத்து வலித்ததால், மேஜை மேல் ஒரு நாற்காலியைத் தூக்கி வைத்தார்கள். அவன் அதில் ஏறி உட்கார்ந்து, சாங்கிலின் முகத்துக்கு நேராக விரலை நீட்டி, "இல்லவே இல்லண்ணே, கேளுங்க" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.